கேட்கலாம், வைத்துக்கொள்ள முடியாது: இசை ஸ்ட்ரீமிங்கின் உள்கதை

பிளேலிஸ்ட்டில் பத்திரமாகச் சேர்த்து வைத்த ஒரு பாட்டு திடீரென்று ஒரு நாள் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும். தொட்டால் ஓடாது. ஏன் என்று செயலி சொல்லாது. யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியாது. ஸ்ட்ரீமிங்கில் பாட்டுக் கேட்கிற யாருக்கும் பழகிப்போன எரிச்சல் இது. அதே செயலிதான், நேற்று வரை பெயரே கேள்விப்படாத ஒரு கலைஞரின் வாழ்நாள் இசை முழுவதையும் ஒரே தேடலில் நம் முன்னால் கொண்டுவந்து வைக்கிறது. இரண்டும் ஒரே ஏற்பாட்டிலிருந்து வருகின்றன. சந்தா கட்டி நாம் வாங்குவது பாட்டைக் கேட்பதற்கான அனுமதியை மட்டும்தான். அந்த அனுமதி யார் யார் கையில் இருக்கிறது, எப்படிப் பிரிகிறது, எப்போது முடிகிறது என்று பார்த்தால் ஸ்ட்ரீமிங் தரும் சந்தோஷம், கோபம் இரண்டுக்கும் பெரும்பாலான காரணங்கள் புரிந்துவிடும்.

இந்த முறை வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1999-இல் நாப்ஸ்டர் வந்தது. யாரோ ஒருவருடைய கணினியில் இருக்கும் எம்பி3 கோப்பை உலகத்தில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்றானது. இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டு 2001-இல் அதை நிறுத்தின. ஆனால் மக்களுக்கு வந்த பழக்கம் நிற்கவில்லை. 2003-இல் ஆப்பிள் திறந்த ஐடியூன்ஸ் கடை ஒரு பாட்டை 99 சென்ட்டுக்கு விற்றது. மாதச் சந்தா கட்டினால் எல்லாவற்றையும் கேட்கலாம் என்ற முறையை ராப்சோடி என்ற சேவை 2001-லேயே முயன்றிருந்தது. அதைப் பரவலாக்கியது, டேனியல் எக், மார்ட்டின் லோரன்ட்சன் இருவரும் ஸ்வீடனில் தொடங்கிய ஸ்பாட்டிஃபை. 2008 அக்டோபரில் அது ஐரோப்பாவின் சில நாடுகளில் பயன்பாட்டுக்கு வந்தது. திருட்டுப் பதிவிறக்கத்தைவிடச் சுலபமாக இருந்தால் மக்கள் சட்டப்படியான வழிக்கு வருவார்கள் என்ற அவர்களுடைய கணக்கு பலித்தது. 1999-க்குப் பிறகு சரிந்துகொண்டே போன பதிவிசைத் துறையின் வருமானம் 2014 வாக்கில் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு ஏறத் தொடங்கியது. இசை நிறுவனங்களின் உலக அமைப்பான ஐஎஃப்பிஐ கணக்குப்படி 2024-இல் அந்த வருமானம் 2,960 கோடி டாலர். அதில் 69 சதவீதம் ஸ்ட்ரீமிங்கிலிருந்து வந்தது. சந்தா கட்டிக் கேட்பவர்கள் 75 கோடி பேர்.

சரி, பாட்டு ஏன் மங்கிப் போகிறது?

பதிவான ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. மெட்டு, வரிகள் சேர்ந்த படைப்புக்கு ஒன்று. ஸ்டூடியோவில் பதிவான அந்த ஒலிக்கு இன்னொன்று. முதலாவது இசையமைப்பாளர், பாடலாசிரியர், அவர்கள் சார்பில் இயங்கும் பதிப்பு நிறுவனம் ஆகியோருடையது. இரண்டாவது பெரும்பாலும் பதிவுச் செலவைப் போட்ட இசை நிறுவனத்திடம் இருக்கும். ஸ்ட்ரீமிங் சேவை இரண்டு பக்கத்திலும் உரிமம் வாங்க வேண்டும். அந்த உரிமத்துக்குக் கால வரம்பு உண்டு, நாட்டு எல்லையும் உண்டு. ஒரே ஆல்பத்துக்கு ஒரு நாட்டில் ஒரு நிறுவனமும் அடுத்த நாட்டில் வேறொரு நிறுவனமும் உரிமை வைத்திருப்பது சாதாரணம். இந்தச் சங்கிலியில் ஏதாவது ஒரு கண்ணி காலாவதியானால் போதும், பாட்டு மறைந்துவிடும்.

2021 மார்ச் 1 அன்று நூற்றுக்கணக்கான கொரியப் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையிலிருந்து உலகம் முழுக்க ஒரே நாளில் காணாமல் போயின. அவற்றை விநியோகித்துக்கொண்டிருந்த ககாவோ எம் நிறுவனத்துடனான ஒப்பந்தம் முடிந்துபோனதுதான் காரணம். பத்து நாள் கழித்துப் புதிய ஒப்பந்தம் ஆனதும் திரும்பி வந்தன. கலைஞரே விலகுவதும் உண்டு. டெய்லர் ஸ்விஃப்ட் 2014-இல் தன் ஆல்பங்களை ஸ்பாட்டிஃபையிலிருந்து எடுத்துவிட்டு 2017-இல் திரும்ப வந்தார். நீல் யங் 2022-இல் விலகி 2024-இல் வந்தார். முதலிலேயே வராமல் இருந்த இசையும் நிறைய. பீட்டில்ஸ் பாட்டுகள் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தது 2015 டிசம்பர் 24-இல்தான். டி லா சோல் என்ற ஹிப்ஹாப் குழுவின் முதல் ஆறு ஆல்பங்கள் 2023 மார்ச் வரை எந்த ஸ்ட்ரீமிங் சேவையிலும் கிடைக்கவில்லை. பழைய இசைத்தட்டுகளிலிருந்து அவர்கள் வெட்டி ஒட்டிய துண்டுகளுக்கு உரிமம் வாங்கிய காலத்தில் ஸ்ட்ரீமிங் என்று ஒன்று கிடையாது. அதனால் அந்தப் பழைய ஒப்பந்தங்கள் இதற்குச் செல்லுமா என்ற கேள்வி வருடக்கணக்காக இழுத்தது.

இன்னொரு வகை மறைவு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேதனை தீரும். பாட்டு போயிருக்காது, அதன் பதிவெண் மாறியிருக்கும். ஒரு கலைஞர் விநியோக நிறுவனத்தை மாற்றும்போது பழைய ஆல்பம் நீக்கப்பட்டு, அதே ஆல்பம் புதிதாக ஏற்றப்படும். நம் பிளேலிஸ்ட் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு மங்கிக் கிடக்கும். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்துக் குறியீடு உண்டு. புதிதாக ஏற்றியவர் பழைய குறியீட்டையே கொடுத்திருந்தால் சேவை இரண்டையும் தானாக இணைக்க வாய்ப்பு இருக்கிறது. புதுக் குறியீடு கொடுத்துவிட்டால் இணைப்பு அறுந்துபோகும். அதனால் மங்கிய பாட்டைக் கண்டால் உடனே பெயரைத் தேடிப் பார்ப்பது நல்லது. பல நேரம் பக்கத்திலேயே இருக்கும்.

டவுன்லோட் செய்து வைத்துக்கொண்டேன், எனக்கென்ன என்று நினைப்பவர்களும் உண்டு. அந்தக் கோப்பு பூட்டப்பட்டது. அதே செயலி மட்டும்தான் திறக்கும். ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தோடு இணைத்து, சந்தா உயிரோடு இருக்கிறது என்று காட்ட வேண்டும். உரிமம் முடிந்த பாட்டு டவுன்லோட் ஆகியிருந்தாலும் போய்விடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த ஏற்பாடு கொடுத்த சந்தோஷத்தையும் அதே அளவு விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் அது சின்னச் சந்தோஷம் கிடையாது. மாலி நாட்டின் கிதார் கலைஞர் அலி ஃபர்கா டூரேவை ஒருவர் தற்செயலாகக் கேட்கிறார் என்று வையுங்கள். அவர் 1994-இல் அமெரிக்கக் கலைஞர் ரை கூடருடன் ஒரு ஆல்பம் செய்திருப்பது தெரிகிறது, அதைக் கேட்கிறார். அதே டூரே 2005-இல் துமானி ஜபாத்தேவுடன் சேர்ந்து வாசித்தது கண்ணில் படுகிறது. துமானி வாசித்தது கோரா, 21 தந்திகள் கொண்ட மேற்கு ஆப்பிரிக்க வாத்தியம். துமானியைப் பின்தொடர்ந்தால் 1988-இல் அவர் ஸ்பெயினின் ஃபிளமெங்கோ குழுவான கெட்டாமாவுடன் சேர்ந்து செய்த இசைக்குப் போகலாம். மாலியிலிருந்து ஃபிளமெங்கோவுக்கு ஒரே இரவில் போய்ச் சேர்ந்தாயிற்று. இசைத்தட்டுக் காலத்தில் இந்தப் பாதையில் நடக்க நேரம் மட்டும் போதாது. நல்ல கடை, நல்ல வானொலி, விஷயம் தெரிந்த நண்பர்கள், கையில் பணம் எல்லாம் ஒன்றுகூடி வர வேண்டும். அவை ஒன்றும் இல்லாதவருக்கும் இப்போது கதவு திறந்திருக்கிறது. இசையை நேசிக்கிற எனக்கு இது ஒரு பெரிய நியாயமாகவே படுகிறது.

பழைய இசைக்குக் கிடைத்த மறுவாழ்வும் இதோடு சேரும். கேட் புஷ் 1985-இல் வெளியிட்ட ஒரு பாட்டு, 2022-இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் வந்ததும் பிரிட்டன் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. 37 வருடங்கள் கழித்து. தொடரைப் பார்த்தவர்கள் அதே நிமிடம் கைப்பேசியில் தேடிக் கேட்க முடிந்ததும், அப்படிக் கேட்பது தரவரிசையில் கணக்கானதும் இல்லாமல் இது நடந்திருக்காது. கடைகளில் தட்டு தீர்ந்து, மறுபடி அச்சடித்து வருவதற்குள் ஆர்வம் ஆறிப்போகும் காலம் இது அல்ல.

ஆனால் இவ்வளவு பெரிய இசைக் குவியலில் தேடுவதற்குக் கொடுத்திருக்கும் கருவி மோசமானது. எனக்கு ஸ்ட்ரீமிங் மேல் இருக்கும் மிகப் பெரிய கோபம் இதுதான். செயலிகள் பாட்டு, கலைஞர், ஆல்பம் என்ற மூன்று பெட்டிகளை வைத்துக்கொண்டு உலக இசை முழுவதையும் அதற்குள் திணிக்கின்றன. ஒரு குழு தானே எழுதி, தானே பாடி வெளியிடும் ராக், பாப் இசைக்கு இது பொருந்தும். மேற்கத்திய செவ்வியல் இசைக்குப் பொருந்தாது. ஒரு சிம்ஃபனிக்கு இசையமைத்தவர் ஒருவர், நடத்துபவர் இன்னொருவர், வாசிப்பது ஒரு இசைக்குழு, நடுவில் தனி வயலின் வாசிப்பவர் வேறு. இதில் "கலைஞர்" யார்? ஒரே படைப்புக்கு நூற்றுக்கணக்கான பதிவுகள் இருக்கும். ஒவ்வொன்றின் தலைப்பும் திரையில் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். திரைப்பாட்டுக்கும் இதே கதிதான். பாடியவர் பெயரில் தேடினால் ஒரு பாதி கிடைக்கும், இசையமைத்தவர் பெயரில் தேடினால் மறு பாதி கிடைக்கும், எழுதியவர் பெயரில் தேடினால் பெரும்பாலும் ஒன்றுமே கிடைக்காது. ஸ்பாட்டிஃபை பாடலாசிரியர் பெயரைக் காட்ட ஆரம்பித்ததே 2018-இல்தான். செவ்வியல் இசைக்கு மட்டும் விடிவு வந்தது. பிரைம்ஃபோனிக் என்ற சிறு சேவையை 2021-இல் வாங்கிய ஆப்பிள், 2023 மார்ச்சில் அதற்கென்றே தனிச் செயலி வெளியிட்டது. இசையமைப்பாளர், படைப்பு, நடத்துநர் என்று அடுக்காகத் தேட அதில் வழி இருக்கிறது. முடியாத காரியம் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. மற்ற மரபுகளுக்கு யாரும் இவ்வளவு மெனக்கெடவில்லை.

ஒரே பெயருள்ள இரண்டு கலைஞர்களை ஒரே பக்கத்தில் போட்டுக் கலப்பதும் இதே நோயின் இன்னொரு முகம். சேவைகளுக்குத் தகவல் தருவது பாட்டை ஏற்றும் விநியோக நிறுவனம். அங்கே ஒரு எழுத்து மாறினாலும், அடையாள எண் தவறினாலும், ஒரு ஜாஸ் கலைஞரின் பக்கத்தில் அதே பெயருள்ள ராப்பரின் புது ஆல்பம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் பதிப்புகள். நாம் கேட்டு வளர்ந்த பதிவு ஒன்று, செயலி தருவது ரீமாஸ்டர் செய்த, அதாவது ஒலியைப் புதிதாகச் சீரமைத்த பதிவு. அல்லது பிற்காலத்தில் மறுபடி பாடியது. எது எந்த ஆண்டுப் பதிவு என்று கண்டுபிடிக்க மியூசிக்பிரெய்ன்ஸ், டிஸ்காக்ஸ் போன்ற தளங்களுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. இரண்டும் ஆர்வலர்கள் உள்ளிட்ட தகவலால் வளர்ந்தவை. காசு வாங்கும் செயலிகளைவிட அவற்றில் விவரம் அதிகம்.

பரிந்துரையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஸ்பாட்டிஃபை 2014-இல் இசைத் தரவுகளை ஆராயும் தி எக்கோ நெஸ்ட் என்ற நிறுவனத்தை வாங்கியது. அடுத்த ஆண்டு ஜூலையில், திங்கள்தோறும் 30 பாட்டுகள் கொடுக்கும் டிஸ்கவர் வீக்லியைத் தொடங்கியது. அதன் அடிப்படை எளிது. உங்கள் பாட்டுகளை வைத்திருக்கும் மற்றவர்களின் பிளேலிஸ்ட்டுகளில் கூடவே என்னென்ன இருக்கின்றன, அவற்றில் நீங்கள் கேட்காதது எது என்று பார்க்கிறது. கோடிக்கணக்கான மனிதர்கள் தாங்களாகவே செய்த தேர்வுகளின் மேல்தான் அது நிற்கிறது. அதனால்தான் நன்றாக வேலை செய்யும்போது விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் கொடுத்தது போலவே இருக்கிறது. அதே காரணத்தால்தான் கெட்டும் போகிறது. நிறையப் பேர் கேட்டது நிறையப் பேருக்குப் போகிறது, அதனால் இன்னும் நிறையப் பேர் கேட்கிறார்கள். யாரும் பிளேலிஸ்ட்டில் சேர்க்காத புதுப் பாட்டைப் பற்றிச் சொல்ல இந்த முறையிடம் ஒன்றும் இல்லை. குழந்தையைத் தூங்க வைக்க மழைச் சத்தம் போட்டால், அடுத்த வாரம் முழுக்க மழையாகவே பெய்யும். இதற்கு மட்டும் மருந்து உண்டு. ஒரு பிளேலிஸ்ட்டை நம் ரசனைக் கணக்கில் சேர்க்காதே என்று சொல்லும் வசதியை ஸ்பாட்டிஃபை 2023-இல் கொடுத்தது. தனிப்பட்ட அமர்வு என்ற வசதியும் இருக்கிறது. வீட்டில் பலர் ஒரே கணக்கில் கேட்டால் இவற்றைக் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பரிந்துரைக்கப்படுவது எல்லாம் ரசனைக் கணக்கின் விடை மட்டும் இல்லை. ராயல்டியைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால் பாட்டுக்குச் செயலிக்குள் இருக்கும் ரேடியோ, பட்டியல் முடிந்ததும் தானாக ஓடும் ஆட்டோபிளே போன்ற இடங்களில் முன்னுரிமை கிடைக்கும் என்ற திட்டத்தை ஸ்பாட்டிஃபை 2020-இல் அறிவித்து நடத்திவருகிறது. கேட்கிறவருக்கு அது திரையில் தெரியாது. தெரிய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஷஃபிள் ஒழுங்காகக் கலைப்பதில்லை என்ற புகார் ஐபாட் காலத்திலிருந்தே உண்டு. உண்மையான சீரற்ற வரிசையில் ஒரே பாடகர் அடுத்தடுத்து மூன்று முறை வருவது இயல்பு. மனிதக் காதுக்கு அது சதி போலக் கேட்கும். அதனால் 2014-இல் ஸ்பாட்டிஃபை ஒரே கலைஞரின் பாட்டுகள் தள்ளித் தள்ளி வரும்படி மாற்றியது. ஆல்பத்தை வரிசையாகக் கேட்கத்தான் வேண்டும் என்று பாடகி அடெல் கேட்டுக்கொண்ட பிறகு 2021 நவம்பரில், சந்தாதாரர்களுக்கு ஆல்பப் பக்கத்தின் முதன்மைப் பொத்தானிலிருந்து ஷஃபிளை எடுத்தார்கள். ஒரு கலைஞர் பாட்டுகளை அடுக்கிய ஒழுங்குக்கு மதிப்புக் கொடுத்த நல்ல காரியம்.

இனி பணம். நான் கட்டும் சந்தா நான் கேட்ட கலைஞர்களுக்குப் போகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வழக்கமான முறையில் ஒரு நாட்டின் சந்தா முழுவதும் ஒரே தொட்டியில் விழுகிறது. சேவை தன் பங்காகச் சுமார் 30 சதவீதத்தை எடுத்துக்கொண்ட பிறகு, மொத்தக் கேட்பில் யாருக்கு எவ்வளவு விகிதமோ அந்த விகிதத்தில் உரிமையாளர்களுக்குப் பிரிகிறது. கலைஞருக்கு எவ்வளவு என்பது அவர் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. மாதம் முழுக்க ஒரே ஒரு நாட்டுப்புறப் பாடகியை மட்டும் நான் கேட்டாலும், என் சந்தாவில் பெரும்பகுதி, நாள் முழுக்க ஓடும் பிரபலப் பாட்டுகளுக்குத்தான் போகும். ஒவ்வொருவர் சந்தாவையும் அவர் கேட்டவர்களுக்கே பிரிக்கும் முறையை சவுண்ட்கிளவுட் 2021-இல் தன் சிறு கலைஞர்களுக்குக் கொண்டுவந்தது. பெரிய சேவைகள் அந்த வழிக்குப் போகவில்லை. மாறாக ஸ்பாட்டிஃபை 2024-இலிருந்து, முந்தைய 12 மாதங்களில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவுரிமைப் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஒவ்வொரு பாட்டுக்கும் வருவது சில்லறைதான் என்பது அவர்கள் வாதம். அந்தச் சில்லறை யாருடையது என்பதுதான் கேள்வி.

ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால்தான் ஒரு கேட்பாகக் கணக்கு. இந்தச் சின்ன விதி இசையின் உருவத்தையே தொட்டிருக்கிறது. அமெரிக்காவின் பிரபலப் பாட்டுகளை ஆராய்ந்த ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, 1980-களின் நடுவில் 20 விநாடிக்கு மேல் இருந்த முன்னிசை 2015 வாக்கில் சுமார் 5 விநாடியாகச் சுருங்கியதைக் காட்டியது. இதற்கு ஸ்ட்ரீமிங் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் விரலசைவில் அடுத்த பாட்டுக்குத் தாவ முடியும்போது, மெதுவாகத் திறக்கும் முன்னிசையை வைக்கத் துணிச்சல் வேண்டியிருக்கிறது. மழைச் சத்தத்தை 30 விநாடித் துண்டுகளாக நறுக்கி ஏற்றிப் பணம் பார்த்தவர்களும் இருந்தார்கள். அந்த வகை ஒலிகளுக்குக் குறைந்தது 2 நிமிடம் என்று ஸ்பாட்டிஃபை விதி போட வேண்டியதாயிற்று. 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒருவர் மேல் வழக்குப் பதிவானது. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய லட்சக்கணக்கான பாட்டுகளை ஏற்றி, தானியங்கிக் கணக்குகளை வைத்துக் கேட்க வைத்து, ஒரு கோடி டாலருக்கு மேல் ராயல்டி பெற்றார் என்பது குற்றச்சாட்டு. தொட்டி ஒன்றே என்பதால் அதிலிருந்து போவதெல்லாம் மற்ற கலைஞர்களின் பங்கு. தினமும் தனக்கு வந்து சேரும் பாட்டுகளில் 18 சதவீதம் முழுக்கச் செயற்கை நுண்ணறிவு செய்தவை என்று 2025 ஏப்ரலில் டீசர் (Deezer) என்ற ஸ்ட்ரீமிங் சேவை சொன்னது. அப்படிப்பட்டவற்றுக்கு அடையாளம் ஒட்டவும், பரிந்துரையிலிருந்து விலக்கவும் அது தொடங்கியிருக்கிறது. மற்றவர்களும் செய்ய வேண்டிய வேலை அது.

ஒலித்தரம் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் நிறைய; எனக்கு அது பின்னால் வரும் விஷயம். சிடியின் தரத்துக்கு ஈடான லாஸ்லெஸ் ஒலியை ஆப்பிள் 2021-இல் கூடுதல் கட்டணமின்றிக் கொடுத்தது, ஸ்பாட்டிஃபை 2025-இல் வந்து சேர்ந்தது. ப்ளூடூத் ஹெட்ஃபோனில் கேட்கிறவருக்கு அந்த இணைப்பே ஒலியை மறுபடி சுருக்கிவிடும். இடைவெளியில்லாமல் ஓடும் வசதி வேலை செய்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒரு கச்சேரிப் பதிவில் கைத்தட்டலுக்கு நடுவே அரை விநாடி மௌனம் விழுந்தால் மனசு விட்டுப்போகும்.

சேவைகளும் நிரந்தரம் இல்லை. ஆர்டியோ 2015-இல் திவாலானது. கூகுள் பிளே மியூசிக் 2020-இல் மூடப்பட்டது. அதில் இருந்தவர்கள் யூடியூப் மியூசிக்குக்கு மாற வேண்டியிருந்தது. அதனால் இழக்கவே கூடாது என்று நினைக்கும் ஆல்பங்களைக் கோப்பாக வாங்கி வைத்துக்கொள்வதுதான் வழி. 2008-இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் போன்ற இடத்தில் வாங்கினால் பூட்டில்லாத, ஒலித்தரம் குறையாத எஃப்எல்ஏசி கோப்பு கிடைக்கும். அங்கே டிஜிட்டல் விற்பனையில் தளத்தின் பங்கு பொதுவாக 15 சதவீதம், அதற்கு மேல் பணப் பரிமாற்றக் கட்டணம். மிச்சம் கலைஞருக்கோ அவர் நிறுவனத்துக்கோ போகும். நான் முன்பு சொன்ன நாட்டுப்புறப் பாடகிக்கு ஒரு ஆல்பத்தில் போய்ச் சேரும் தொகை, வருடக்கணக்கில் ஸ்ட்ரீமிங்கில் கேட்டாலும் போகாது. கேட்டதன் வரலாற்றுக்கு லாஸ்ட்.எஃப்எம் இருக்கிறது. அதோடு இணைத்த சேவைகளில் கேட்பதை எல்லாம் ஒரே இடத்தில் பதிந்துகொள்ளும். பிளேலிஸ்ட்டுகளை ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுக்கும் கருவிகளும் உண்டு. ஆனால் அவை பல நேரம் பெயரை வைத்துப் பொருத்துவதால் தவறான பதிப்பு வந்து சேரலாம். மாற்றிய பிறகு ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். இதையெல்லாம்விட எளிது, முக்கியமான பிளேலிஸ்ட்டைச் சாதாரண எழுத்துக் கோப்பாக வைத்துக்கொள்வது. பாட்டு, பாடியவர், இசையமைத்தவர், ஆல்பம், வெளிவந்த ஆண்டு. இந்த ஐந்தும் இருந்தால், அடுத்து எந்தச் சேவைக்குப் போனாலும் சரியான பதிவைத் தேடி எடுத்துவிடலாம்.